பசுமைவெளி: மரக்கன்று கடைசியில் வரட்டும்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்று சென்னையில் பள்ளி, அலுவலகம், பாலத்தடி என்று பார்க்குமிடமெல்லாம் மரக்கன்று நடுவார்கள். கேரளத்தில் அது தென்மேற்குப் பருவமழை இறங்குகிற வாரம், நட்டது பிழைத்துக்கொள்ளும். சென்னையில் கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஊருக்குப் பெரும்பகுதி மழையைத் தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. நடுவில் நான்கு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்த ஜூனில் அதே குழியில் புதுக் கன்று நிற்கும்.

வேகமாக வீங்கும் நகரங்களில் பசுமைவெளி முயற்சிகள் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். கன்றிலிருந்து தொடங்குகிறார்கள். இடம் யாருடையது, மழைத்தண்ணீர் எங்கே போகும், மண்ணுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கன்றைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. சென்னையை வைத்தே விளக்குவோம். வேறு ஊர்கள் நன்றாகச் செய்ததையும் ஆங்காங்கே பார்ப்போம்.

எது பசுமைவெளி, எவ்வளவு வேண்டும்?

பூங்கா மட்டும் பசுமைவெளி ஆகாது. சாலையோர மரவரிசை, ஏரிக்கரை, கால்வாய் ஓரம், விளையாட்டுத் திடல், கோயில் குளத்தைச் சுற்றிய நிலம், இடுகாடு, சதுப்பு நிலம் எல்லாமே இதில் சேரும். நிழல் தர வேண்டும், மழைநீரை வாங்கிக்கொள்ள வேண்டும், காசு கொடுக்காமல் ஒருவர் வந்து உட்கார முடிய வேண்டும். இந்த மூன்றில் இரண்டையாவது செய்யாத இடத்தைப் பசுமைவெளிக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை.

அளவுக்குப் பல கணக்குகள் உண்டு. தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்பது பழைய முறை. இந்திய நகரத் திட்டமிடலுக்கான 2014ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் 10 முதல் 12 சதுர மீட்டர் என்கின்றன. இந்தச் சராசரி சுலபமாக ஏமாற்றும். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அது சென்னையின் சராசரியை உயர்த்துகிறது. வடசென்னையின் வியாசர்பாடியில் மாலை நேரத்தில் விளையாட இடம் தேடும் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் தூரக் கணக்கே நடைமுறைக்கு உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி இருக்கட்டும் என்கிறது. 2021இல் சேசில் கோனைநன்டைக் என்ற நகர்ப்புற வனவியலாளர் முன்வைத்த 3-30-300 விதி இன்னும் எளிது: சன்னலில் நின்றால் 3 மரம் தெரியட்டும், பேட்டையின் 30 விழுக்காட்டில் மரநிழல் விழட்டும், 300 மீட்டரில் ஒரு பூங்கா இருக்கட்டும்.

இதைச் சோதிக்கும்போது வரைபடத்தில் வட்டம் போட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. நடுவே ரயில் பாதையோ கடக்க முடியாத சாலையோ இருந்தால் 300 மீட்டர் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். பூங்காவின் வாசலிலிருந்து கால் நடக்கும் வழியை அளக்க வேண்டும், மதில் சுவரிலிருந்து அல்ல.

இடம்: காகிதத்தில் பாருங்கள், பிறகு காலால் நடங்கள்

வளரும் நகரத்தில் மரத்தை விட நிலம் அரிது. ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் முதல் வேலை வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அதன் சர்வே எண்ணைப் பார்த்து, வகைப்பாடு என்ன என்று அறிவது. பட்டாவா, மேய்க்காலா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதைப் பொறுத்து அங்கே செய்யக்கூடியதே மாறும். அடுத்தது புல வரைபடத்தை வைத்து எல்லையை அளந்து கல் நடுவது. எல்லை தெளிவாக இல்லாத பூங்கா ஒவ்வோர் ஆண்டும் ஓர் அடி சுருங்கும். கடைசியில் அதன் ஒரு மூலையில் மின்மாற்றியும் இன்னொரு மூலையில் குப்பைத் தொட்டியும் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் புது நிலம் கிடைக்கும் முக்கிய வழி ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலம் விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் தர வேண்டும். விதி நல்லது. கைக்கு வரும் நிலம்தான் பல நேரங்களில் மனையின் கழிவாக இருக்கிறது: வால் போல நீண்ட துண்டு, மின்கம்பி ஓடும் ஓரம், அல்லது குடியிருப்பின் கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட மூலை. ஒப்புதல் தருமுன் பொதுச் சாலையிலிருந்து நேரடி வாசல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வாசல் இல்லாத ஓ.எஸ்.ஆர். நிலம் சில ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும்.

நிலத்தைக் காப்பதும் ஒரு வேலை. கென்யத் தலைநகர் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப 1989இல் திட்டமிட்டார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அதே நகரின் கருரா காட்டைத் துண்டு போட்டு விற்கப் பார்த்தபோதும் அவர் போராடினார். இன்று அந்தக் காட்டைச் சுற்றி வேலி இருக்கிறது. வனத்துறையோடு சேர்ந்து அக்கம்பக்க மக்களின் சங்கமும் அதைப் பார்த்துக்கொள்கிறது.

நீர்நிலைப் புறம்போக்கில் பூங்கா போடுவதில் ஒரு வழக்கமான தவறு உண்டு. ஏரியின் ஓரத்தை மண் கொட்டி மேடாக்கி, நடைபாதை போட்டு, ‘ஏரிப் பூங்கா’ என்று பலகை வைப்பது. ஏரியின் கொள்ளளவு அந்த மண் அளவுக்குக் குறைகிறது; வெள்ளம் பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. பாதை கரையின் மேல் போக வேண்டும், தண்ணீர் பரவும் இடத்தில் போகக் கூடாது. சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் மரம் நடுவதும் இதே கணக்கில் சேரும். தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு வெறும் நிலமாகக் கிடக்கிறது என்று நினைத்தவர்கள்தான் அங்கே குப்பையும் கொட்டினார்கள். 2022இல் அது ராம்சார் நிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1970களில் ஆறுகளைக் கான்கிரீட் வாய்க்காலாக்காமல், வெள்ளம் பரவும் தாழ்நிலங்களைப் பூங்காக்களாக வைத்துக்கொண்டது. 1972இல் வந்த பரிகுயி பூங்கா அப்படிப்பட்டது. அதில் உள்ள ஏரி மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. புல்லை வெட்ட இயந்திரத்துக்குப் பதில் ஆட்டு மந்தையை மேயவிட்டு அந்த ஊர் பெயர் வாங்கியது தனிக் கதை. கொழும்பு 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகம் வரை வெள்ளம் வந்த பிறகு சதுப்பு நிலங்களின் அருமையை உணர்ந்தது. பெத்தகான போன்ற சதுப்புப் பூங்காக்களில் மரப்பலகைப் பாதை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்; நிலம் ஈரமாகவே இருக்கிறது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலில் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆற்றங்கரையைப் பசுமையாக்குகிறோம் என்று சொல்லும்போது அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இருப்பார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலையிடத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின. அந்தச் செலவு பூங்காவின் மதிப்பீட்டில் எந்த வரியிலும் வராது.

தண்ணீர்: பூங்கா தெருவை விடத் தாழ்ந்திருக்கட்டும்

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் மட்டும் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. சென்னையின் வடகிழக்குப் பருவத்தில் இது அபூர்வமான மழை இல்லை. அந்தத் தண்ணீரைப் பூங்கா வாங்கிக்கொள்கிறதா, தெருவுக்குத் தள்ளுகிறதா என்பதை ஒரே ஓர் அளவு தீர்மானிக்கும்: தரைமட்டம்.

வழக்கமாக நடப்பது என்ன? லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, பூங்காவைத் தெருவை விட ஓர் அடி உயர்த்தி, சுற்றிலும் சுவர் கட்டி, பாதை முழுக்க சிமெண்ட் கல் பதிக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். கோடையில் பூங்காவுக்கு லாரித் தண்ணீர் வாங்குவார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். நடைபாதை தெருமட்டத்தில் இருக்க, புல்லும் செடியும் உள்ள பகுதி 15 முதல் 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தெருவோரக் கல்லில் 5, 6 மீட்டருக்கு ஒரு திறப்பு விட்டால் தெருத் தண்ணீரும் உள்ளே வரும். திறப்புக்கு உட்புறம் ஒரு சிறு குழி வெட்டி ஜல்லி போட்டால் மணலும் பிளாஸ்டிக்கும் அங்கேயே தங்கும். மழைக்கு முன் அதைத் தூர்வாரினால் போதும். சென்னை மாநகராட்சி சில பூங்காக்களில் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ என்று இப்படிக் குளம் வெட்டியிருக்கிறது.

தேங்கிய தண்ணீர் இரண்டு, மூன்று நாளில் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போல ஆகும். அதற்குள் வற்றினால் பயமில்லை. வற்றாவிட்டால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து அந்தப் பள்ளத்தை மூடவைத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். சாக்கடை இணைப்பு ஏதும் மழைநீர் வடிகாலில் கலக்கிறதா என்பதையும் வெட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கோடைக் கணக்கு வேறு. புல்தரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 5 லிட்டர் வேண்டும். ஒரு ஏக்கர் புல்லுக்கு 20,000 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி தினமும் இரண்டுக்கு மேல். புகைப்படத்துக்கு அழகு, மாநகராட்சியின் தண்ணீர்க் கட்டணத்துக்குச் சாவு. பிள்ளைகள் உருளும் அளவுக்கு ஒரு துண்டுப் புல் போதும், மீதி மரநிழலும் சருகும் மண்தரையுமாக இருக்கட்டும். சுத்திகரித்த கழிவுநீர் நல்ல மாற்று. ஆனால் உப்பைச் சோதிக்காமல் விடக்கூடாது: உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பல செடிகளுக்கு இலை நுனி கருகும். மழையில்லாத மாதங்களில் மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மண்: கடப்பாரை சொல்லும் உண்மை

நகரத்தில் மண் என்று தெரிவது பெரும்பாலும் கட்டட இடிபாடு. மேலே ஒரு சாண் செம்மண், கீழே செங்கல், சிமெண்ட் கட்டி, ஓடு. சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தை ஏற்றிவிடும். அதன் அளவு (பி.எச்.) 8.5ஐத் தாண்டினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இலை வெளுக்கும். அதைப் பார்த்து யூரியா போடுவார்கள். பயன் இருக்காது.

சோதனைக்கு ஒரு கடப்பாரையும் ஒரு வாளியும் போதும். நிலத்தில் நான்கைந்து இடங்களில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ. இறங்கினால் நல்ல மண். ஒரு செ.மீ.க்கும் குறைவென்றால் மண் இறுகிக் கிடக்கிறது, ஜே.சி.பி. விட்டு இரண்டு அடிக்குக் கிளறிய பிறகே மற்ற வேலை. அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் அங்கே மரம் நடாமல் மழைநீர்க் குளத்தை வைக்கலாம், அல்லது மேடு கட்டி அதன் மேல் நடலாம்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்பது இங்கே கைப்பழக்கம். இடிபாட்டு நிலத்துக்கு அது சரி. குழியை 15 நாள் ஆறப்போட்டு, மேல்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பித் தண்ணீர் விட்டு அமரவிட வேண்டும். அமராமல் நட்டால் மழையில் மண் இறங்கி, கன்று கழுத்தளவு புதைந்து, தண்டு அழுகும். களிமண் நிலத்தில் இன்னொரு வில்லங்கம்: குழிக்குள் இளகிய கலவை, சுற்றிலும் இறுகிய களி. குழி வாளி போலத் தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை மூழ்கடிக்கும். பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் குத்திப் பிளந்துவிட்டால் இது பெரும்பாலும் தீரும்.

இனிமேல்தான் மரம்

நாற்றங்காலில் கட்டைவிரல் தடிமனும் ஐந்தடி உயரமும் உள்ள கன்று நல்லது. பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அப்படியே நட்டால் மரம் பத்தாண்டு நன்றாக நிற்கும், பிறகு ஒரு காற்றில் வேரோடு கழன்று வரும். பையை முழுசாகக் கிழித்தெடுத்து, சுற்றிய வேரை மூன்று பக்கம் கத்தியால் கீறிவிட்டு நட வேண்டும். தண்டு வேராக மாறும் கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ நட்டால் கோடைக்கு முன் வேர் இறங்க ஐந்து மாதம் கிடைக்கும்.

இடைவெளியில் ஆசைப்படக் கூடாது. நாவல், இலுப்பை, மருதம் போன்ற பெரிய மரங்களுக்கு 8 மீட்டர். ஏக்கருக்கு அறுபதுக்கு மேல் அடங்காது. புங்கம், பூவரசு, மகிழம் 5, 6 மீட்டரில் வரும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை போன்ற சிறுமரம்தான். எல்லாம் ஒரே வகையாக இருந்தால் ஒரு பூச்சி வந்து மொத்தத்தையும் காலி செய்யும். மொத்த எண்ணிக்கையில் ஓர் இனம் 10 விழுக்காட்டையும், ஒரு பேரினம் 20ஐயும், ஒரு குடும்பம் 30ஐயும் தாண்டக் கூடாது என்பது மரவியலாளர்கள் கையாளும் பழைய விதி. வேகமாகப் பச்சை காட்டும் என்று பல நகரங்கள் கொனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டன. நிலத்தடிக் குழாய்களில் வேர் புகுவதாகவும் மகரந்தம் ஒவ்வாமை தருவதாகவும் புகார் வந்து குஜராத் 2023இல் அதைத் தடை செய்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என அழகுக்கும் வேகமான நிழலுக்கும் நட்டவை நிறையச் சாய்ந்தன. வேம்பு, புங்கம் போன்ற உள்ளூர் மரங்களும் விழுந்தன. அவற்றில் பல கிளையை இழந்து அடிமரத்தைக் காப்பாற்றிக்கொண்டன. ‘அந்நிய மரம் விழும், நம் மரம் நிற்கும்’ என்று இதைச் சுருக்கிவிடுவது சரியில்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, தண்டை ஒட்டி சிமெண்ட் பூசினால் எந்த மரமும் சாயும். தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. எந்த ஊர்ச் சாலைக்கும் அது பொருந்தும்.

இப்போது எங்கும் பேசப்படும் மியாவாக்கி முறை பற்றிச் சில வார்த்தை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்தது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 600க்கு மேல் வரும். சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் தொடங்கிப் பல இடங்களில் இதைச் செய்திருக்கிறது. குப்பை கொட்டும் மூலையை மூட, சாலை இரைச்சலைத் தடுக்க இது நல்ல வழி. ஆனால் உள்ளே யாரும் நடக்க முடியாது; பூங்கா கேட்ட பேட்டைக்கு இதைக் கொடுத்துக் கணக்கை முடிக்கக் கூடாது. எந்தக் கன்றுகள் என்பதும் முக்கியம். சென்னைக் கரையோரத்தின் இயற்கையான காடு, குட்டையான மரங்களும் புதரும் கொண்ட வறண்ட பசுமைமாறாக் காடு. தேக்கும் மகோகனியும் கலந்த நெருக்கமான தோட்டத்துக்கு மியாவாக்கிக் காடு என்ற பெயர் பொருந்தாது.

மூன்று கோடை

முதல் கோடையில் கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டர். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 30 லிட்டர். மூன்றாம் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. ஒவ்வோர் ஆண்டும் பாத்தியின் வட்டத்தை ஓர் அடி வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் தண்டடியிலேயே விழுந்தால் வேர் வெளியே தேடிப் போகாது. பாத்தியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு போடுங்கள், தண்டைத் தொடாமல். சருகை எரிப்பவர்களுக்கு அதன் விலை தெரியவில்லை.

கன்று இந்த மூன்று கோடையையும் தாண்டுமா இல்லையா என்பது ஒப்பந்தத்தை எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. ‘நட்ட கன்றுக்கு இத்தனை ரூபாய்’ என்றால் ஒப்பந்ததாரர் நடுவார், போய்விடுவார். நடும்போது பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, மீதியை ஒவ்வொரு மே மாத முடிவிலும் உயிரோடு இருக்கும் கன்றை எண்ணிக் கொடுத்தால் அவரே லாரி பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் 2020இல் தொடங்கிய மரத்திட்டத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்தந்தப் பகுதி மக்கள் கைப்பேசியில் படமெடுத்துப் பதிந்து, வளர்ப்பதற்குக் கூலி பெறுகிறார்கள். கொலம்பியாவின் மெதெயின் நகரம் 2016 முதல் 2019 வரை 18 சாலைகளிலும் 12 நீரோடைகளிலும் பசுமை வழித்தடம் அமைத்தது. அந்த இடங்களில் வெப்பம் சுமார் 2 பாகை குறைந்ததாக நகராட்சி சொல்கிறது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 75 பேருக்குத் தாவரவியல் பூங்காவில் பயிற்சி கொடுத்துத் தோட்டக்காரர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேயும் ஏக்கருக்கு ஒரு நிரந்தர ஆளாவது வேண்டும். நீரூற்றும் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கியும் வாங்கும் பணம் அந்த ஆளின் பல மாதச் சம்பளம். நீரூற்று எப்படியும் ஆறு மாதத்தில் நின்றுவிடும். ஒட்டகச்சிவிங்கிக்குக் காது உடையும்.

கடைசியாக வாசல். ஆளுயர மதிலுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் இருட்டியதும் பெண்கள் வரமாட்டார்கள். இரண்டடிச் சுவரும் அதன் மேல் கம்பியும் போதும். தெருவிலிருந்து உள்ளே பார்வை போக வேண்டும். விளக்கு மரக்கிளைக்கு மேலே இருந்தால் இலைக்குத்தான் வெளிச்சம், 4 மீட்டர் உயரத்தில் வையுங்கள். பல பூங்காக்கள் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலையில் திறக்கின்றன. நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது வசதிதான். உச்சி வெயிலில் நிழல் தேடும் தூய்மைப் பணியாளருக்கும், உணவு கொண்டுசெல்லும் பையன்களுக்கும், கட்டட வேலைக்காரர்களுக்கும் அந்த நேரத்தில்தான் அது திறந்திருக்க வேண்டும், கூடவே ஒரு குடிநீர்க் குழாயும் கழிப்பறையும்.